கடன்காரன் வாயில் ‘முடியாது’ வராது

தம்பி, சம்பளம் ஏறிய குறுஞ்செய்தியும் தவணை பிடித்த குறுஞ்செய்தியும் உன் கைப்பேசியில் ஒன்றன்கீழ் ஒன்றாக வருகிறதா? அப்படியென்றால் இதை நாளைக்கு என்று தள்ளாமல் இன்றே படித்துவிடு. தங்கை, உனக்கும்தான். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆன பிள்ளைகளை நினைத்தே எழுதுகிறேன். இந்த வயதில் ஒட்டிக்கொண்ட பழக்கம், நல்லதோ கெட்டதோ, நாற்பது வயதிலும் கூடவே இருக்கும்.

முன்னேற வழி சொல்லும் பேச்சாளர்களுக்கு நாட்டில் பஞ்சமில்லை. விடியற்காலை நான்கரைக்கு எழு, பச்சைத் தண்ணீரில் குளி, கண்ணாடி முன் நின்று ‘நான் வெல்வேன்’ என்று சொல் என்பார்கள். இரவு சி ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் தலை தொங்கத் தூங்கியபடி காலை ஏழு மணிக்கு அறைக்கு வந்து சேருகிறவனிடம் இதைச் சொல்வது கேலி. நீ எத்தனை மணிக்கு எழுந்தாலும் எனக்குக் கவலையில்லை. சம்பளம் வருமுன்பே அதைச் செலவழிக்காதே. வரவு செலவை எழுது. இந்த இரண்டைத் தவிர நான் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் இந்த இரண்டும் இல்லாமல் மற்ற எந்த நல்ல பழக்கமும் உன்னிடம் நிற்காது என்பதை நீ புரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரகடத்திலோ ஓசூரிலோ ஒரு தொழிற்சாலையில் கைக்கு 22,000 ரூபாய் வாங்கும் ஓர் இளைஞன். கைப்பேசித் தவணை 2,800. பைக் தவணை 3,900. அக்கா வளைகாப்புக்கு எடுத்த பர்சனல் லோன் தவணை 2,500. மூன்றும் சேர்ந்தால் 9,200. சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல். அறை வாடகையில் அவன் பங்கு 3,000, மெஸ் 4,000, வீட்டுக்கு 4,000. மிச்சம் 1,800. பெட்ரோல், ரீசார்ஜ், சோப்பு, பண்டிகைக்கு ஊருக்குப் போகும் பஸ் செலவு எல்லாம் இதற்குள். மாதம் 20-ஆம் தேதி ஆனால் கைமாத்துக்கு ஆள் தேடுவான். இவன் ஊதாரி இல்லை, குடிப்பவனும் இல்லை. ஒவ்வொரு தவணையையும் தனியாக எடுத்துப் பார்த்தால் நியாயம் இருக்கவே செய்கிறது.

வரவுக்குள் வாழ்வதைப் பற்றி வள்ளுவர் எந்த இடத்தில் பேசுகிறார் என்று கவனித்திருக்கிறாயா? வலியறிதல் என்ற 48-ஆம் அதிகாரத்தில். போருக்குப் புறப்படும் அரசன் தன் வலிமையையும் மாற்றான் வலிமையையும் எடைபோட வேண்டும் என்று தொடங்கும் அதிகாரம் அது. அதன் கடைசி நான்கு குறளும் அளவறிந்து கொடுப்பது, அளவறிந்து வாழ்வது பற்றியவை. சிக்கனம் என்று தனித் தலைப்புப் போட்டு ஓரமாக வைக்காமல், வலிமைக் கணக்கோடு சேர்த்து வைத்தார் மனுஷன். மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் வண்டியும் இதே அதிகாரத்தில்தான் வருகிறது. 2,800 ஒரு பாரமா, 3,900 ஒரு பாரமா என்று ஏற்றிக்கொண்டே போகிறோமே, அந்த வண்டிதான்.

அச்சு முறிவது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். அந்த இளைஞன் பவர் பிரஸ் ஓட்டுகிறான் என்று வைத்துக்கொள். கை உள்ளே போனால் மிஷினை நிறுத்தும் சென்சார் அதில் இருக்கிறது. உருப்படி எண்ணிக்கை குறைகிறது, சென்சாரை ஆஃப் பண்ணிவிட்டு ஓட்டு என்கிறார் சூப்பர்வைசர். ‘முடியாது சார்’ என்று சொல்ல வேண்டிய இடம் இது. சட்டமும் அவன் பக்கம் இருக்கிறது. ஆனால் 5-ஆம் தேதி 9,200 பிடிப்பார்கள். ஒரு மாதம் வேலை இல்லையென்றால் தவணை பவுன்ஸ் ஆகும், அபராதம் ஏறும், ஊர்வீட்டு வாசலில் வசூல் ஆள் வந்து நிற்பான். இதெல்லாம் ஒரே நொடியில் அவன் மனத்தில் ஓடி முடிந்துவிடும். சென்சாரை அணைத்துவிட்டு ஓட்டுவான்.

தங்கை, நீ ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறாய். இறந்துபோன கணவருக்கு வந்த பணத்தை டெபாசிட்டில் போட ஒரு மூதாட்டி வந்திருக்கிறார். இன்சூரன்ஸ் டார்கெட் முடியவில்லை, அந்த அம்மா தலையில் ஒரு பாலிசியைக் கட்டிவிடு என்கிறார் மேலாளர். ஆண்டுதோறும் பிரீமியம் கட்ட வேண்டும், நடுவில் நிறுத்தினால் நட்டம் என்பதெல்லாம் அவருக்குப் புரியப்போவதில்லை. ‘டெபாசிட் மாதிரிதான் பாட்டி’ என்ற ஒரு பொய் போதும். அந்தப் பொய்யைச் சொல்லாமல் இருக்க உனக்கு நல்ல மனம் மட்டும் போதாது. மூன்று மாதச் செலவுக்கான பணமும் உன் கணக்கில் இருக்க வேண்டும்.

நேர்மை பாதி குணம், மீதிப் பாதி கையிருப்பு. இதை எழுத எனக்குக் கசப்பாகத்தான் இருக்கிறது. கையில் காலணா இல்லாமலும் நிமிர்ந்து நின்றவர்கள் உண்டு. அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். எல்லாரும் அப்படி நின்றுவிடுவார்கள் என்று நம்பி உன்னை வெறுங்கையோடு அனுப்ப மட்டும் மாட்டேன்.

கடன்பட்டவன் எதிர்த்துப் பேசமாட்டான் என்பது செங்கல் சூளை முதலாளிகளுக்கு நன்றாகத் தெரியும். சீசன் தொடங்குமுன் குடும்பத்துக்கே முன்பணம் கொடுப்பார்கள். அது கழியும்வரை சூளையை விட்டு நகர முடியாது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்துவிட்டது. அதன் பின்னும் திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துச் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்தியைப் படித்துக்கொண்டுதான் இருந்தோம். அவர்கள் பசிக்கு வாங்கிய பணம் அது, வேறு வழி இருக்கவில்லை. உன் நிலையை அவர்கள் நிலையோடு சமமாக வைத்தால் அவர்களை அவமதிப்பதாகும். ஆனாலும் முன்பணம் செய்யும் வேலை எங்கும் ஒன்றுதான்: நாளைக்கு நீ உழைக்கப்போவதை இன்றே இன்னொருவருக்குச் சொந்தமாக்கிவிடுகிறது. உன்னை யாரும் பசியால் நெருக்கவில்லை. விழாக்காலத் தள்ளுபடியில் நீயாகப் போய்க் கேட்டு வாங்கி வருகிறாய்.

கிரெடிட் கார்டு பாக்கிக்கு வங்கிகள் பெரும்பாலும் மாதம் 3 முதல் 3.75 சதவீதம் வரை வட்டி போடுகின்றன. 3.5 என்று வைத்தால் ஒரு லட்சம் பாக்கிக்கு மாதம் 3,500 ரூபாய். வட்டிக்கு வட்டியாகப் பன்னிரண்டு மாதம் ஓடவிட்டால் ஒரு லட்சம் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். வட்டிமேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. தெருவில் ஒருவர் இதே வட்டி கேட்டால் கந்துவட்டி என்று கொதிக்கிறோம். மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றுக்கும் சேர்த்து 2003-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே போட்டார்கள். கார்டில் வந்தால் மட்டும் மரியாதையாகக் கட்டுகிறோம். ‘மினிமம் டியூ’ என்ற ஒன்றைக் காட்டுவார்கள். பாக்கியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான் இருக்கும். அதை மட்டும் கட்டினால் தாமதக் கட்டணம் தப்பும், வட்டி தப்பாது. புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாள்கள் கிடைக்காமல் போகும். முழுப் பாக்கியையும் கட்ட முடியாத மாதம் ஒன்று வந்துவிட்டால், அந்த மாதமே கார்டைக் கத்தரித்துப் போடு. வட்டியில்லாத் தவணை என்ற விளம்பரத்தையும் நம்பாதே. ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி உனக்குக் கிடைக்காது, பிராசசிங் ஃபீஸ் என்று ஒன்று ஒட்டிக்கொண்டு வரும்.

எல்லாக் கடனும் தீது என்று சொல்லவரவில்லை. தையல் மிஷின், வெல்டிங் செட், சரக்கு ஆட்டோ, ஒரு நல்ல படிப்பு: இவை தம் தவணையைத் தாமே சம்பாதித்துத் தரக்கூடியவை. சம்பாதித்துத் தருமா என்பதைத் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கு.

தாளில் என்று சொன்னேன் இல்லையா, அதற்கு வருகிறேன். இன்று வேலை முடிந்து வரும்போது நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள். செயலி வேண்டாம் என்பது என் கட்சி. கணக்கெழுதச் செயலியைத் திறந்தவன் அரை மணி கழித்து ரீல்ஸில் இருப்பான். படுக்குமுன் அன்றைய செலவை எழுது: டீ, பெட்ரோல், நண்பனுக்குக் கொடுத்த கைமாத்து, ஆன்லைனில் வாங்கிய சட்டை, எல்லாவற்றையும். ‘இதர செலவு’ என்ற வரி மட்டும் கூடவே கூடாது. கணக்கில் பொய் நுழையும் இடமே அதுதான். பிறகு கையிருப்பை எண்ணிப் பார். நோட்டில் உள்ளதும் கையில் உள்ளதும் ஒத்துப்போக வேண்டும். இதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

லண்டனில் சட்டம் படித்த நாளில் காந்தி இதைத்தான் செய்தார். பஸ் கட்டணம், தபால்தலை, பத்திரிகைக்குக் கொடுத்த சில்லறை வரை எழுதி, படுக்கப் போகுமுன் இருப்பைச் சரிபார்ப்பார் என்று சத்திய சோதனையில் வருகிறது. பின்னாளில் லட்சக்கணக்கான பொதுப்பணம் அவர் கைவழியாகப் போனது. அப்போதும் இயக்கங்களைக் கடனில் நிறுத்தாமல், மிச்சம் வைத்து நடத்த முடிந்ததற்கு இந்தப் பழக்கமே காரணம் என்று அவரே சொல்கிறார்.

நம் வீடுகளுக்குக் கணக்கெழுதும் வழக்கமில்லை என்று சொல்லித் தப்பிக்காதே. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி மாதத்தில் நடக்கும் மொய் விருந்துக்குப் போய்ப் பார். யார், எந்த விசேஷத்தில், எவ்வளவு போட்டார், இப்போது எவ்வளவு கூட்டிப் போட வேண்டும் என்பது அப்பா காலத்திலிருந்து நோட்டில் நிற்கும். இப்போது கம்ப்யூட்டர் வைத்து ரசீதே கொடுக்கிறார்கள். ஊராருக்குக் கொடுக்க வேண்டியதை அட்சரம் பிசகாமல் எழுதி வைக்கிற வீட்டில், சொந்தச் செலவு எங்கே போகிறது என்று எழுத ஒரு கை இல்லை!

மூன்று வாரம் எழுதியபின் நோட்டைப் புரட்டு. எதை நிறுத்த வேண்டும் என்று என்னைப் போன்றவர்கள் சொல்ல வேண்டியிருக்காது. அடுத்த சம்பளத்தன்று, செலவு தொடங்குமுன், ஒரு தொகையைத் தனிக் கணக்குக்கு மாற்று. ஏ.டி.எம். கார்டும் யு.பி.ஐ.யும் இல்லாத கணக்காக இருக்கட்டும். அங்கே மூன்று மாதச் செலவு சேரும்வரை வேறு எதிலும் போடாதே. சேர்ந்தபின் அஞ்சலக ஆர்.டி. ஒன்று தொடங்கு. 2024-இல் இருந்த 6.7 சதவீத வட்டிக்கு மாதம் 2,000 ரூபாய் என்று ஐந்தாண்டு கட்டினால், போட்டது 1,20,000, கைக்கு வருவது ஏறத்தாழ 1,42,700. இதில் பெரிய லாபமில்லை என்று உன் நண்பன் சிரிப்பான். சிரிக்கட்டும். சூப்பர்வைசரின் முகத்தைப் பார்த்து ‘முடியாது சார்’ என்று சொல்வதற்கு ஆகும் செலவை நீ சேர்த்துக்கொண்டிருக்கிறாய்.

சிரிக்கிற நண்பன் ஆப்ஷன் டிரேடிங்கில் மாதம் இவ்வளவு வருகிறது என்று ஸ்கிரீன்ஷாட் காட்டுவான். 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பிரிவில் ஆடிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள். இது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2024-இல் வெளியிட்ட கணக்கு. நட்டக் கணக்கின் ஸ்கிரீன்ஷாட்டை எவனும் காட்டமாட்டான். பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்த்தால் மாதம் பிறந்தால் பணம் என்று நம்பிப் போட்டவர்கள் 2012-இல் கோழிக்குத் தீனி போடவும் வழியில்லாமல் நின்றதைப் பார்த்த ஊர் இது. ஆன்லைன் ரம்மியைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. செத்தவர்கள் எழுதிவிட்டுப் போன கடிதங்கள் போதும்.

வேலை மாறும்போது பி.எஃப். பணத்தை உருவி எடுக்காதே. அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் உன் பங்கு, அதோடு கம்பெனியின் பங்கு. எத்தனை கம்பெனி மாறினாலும் யு.ஏ.என். எண் ஒன்றுதான், பழைய கணக்கைப் புதிய கணக்கோடு சேர்த்துக்கொள்ளலாம். வங்கியில் ஒரு படிவம் கொடுத்தால் ஆண்டுக்கு 20 ரூபாயில் விபத்துக் காப்பீடும் 436 ரூபாயில் ஆயுள் காப்பீடும் கிடைக்கும். ஒவ்வொன்றும் 2 லட்சத்துக்கு. இதைக்கூடப் போடாமல் ஒன்றரை லட்ச ரூபாய் பைக்கில் நெடுஞ்சாலையில் பறக்கிறாய்.

ஜாமீன் கையெழுத்து விஷயத்தில் கல்நெஞ்சக்காரனாக இரு. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவுப்படி, கடன் வாங்கியவனுக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன் போட்டவனுக்கும் உண்டு. அவனைத் துரத்திக் களைத்தபின்தான் வங்கி உன்னிடம் வரும் என்று நினைத்துக்கொள்ளாதே. நேரே உன்னிடமே வரலாம். உன் சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்து சரியும். நண்பனுக்கு உதவ ஆசையா? உன்னால் முடிந்ததை, திரும்பி வராது என்று எண்ணிக்கொண்டு, கையில் கொடு. கையெழுத்தைக் கொடுக்காதே. தொகை எழுதாத காசோலையை யாரிடமும் கொடுத்து வைக்காதே. அது பவுன்ஸ் ஆனால் இரண்டாண்டு வரை சிறை உண்டு. உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் பயன்படுத்திக்கொள்கிறோம், கமிஷன் தருகிறோம் என்று எவனாவது வந்தால் அங்கேயே துரத்து. எங்கோ ஒரு முதியவரிடம் ஏமாற்றிய பணம் உன் கணக்கு வழியாகத்தான் போகும். போலீஸ் முதலில் தேடி வருவது உன்னைத்தான்.

தங்கை, உன் ஏ.டி.எம். கார்டு யாரிடம் இருக்கிறது? அப்பாவிடம், அண்ணனிடம், கணவரிடம் என்றால் அதைத் திரும்ப வாங்கு. சண்டை போடாமல் வாங்கு, ஆனால் வாங்கிவிடு. வீட்டுக்குக் கொடுப்பதை மாதம் இவ்வளவு என்று நீ உன் கையால் கொடுப்பது வேறு, உன் சம்பளம் எவ்வளவு மிச்சம் என்று நீ பிறரிடம் கேட்பது வேறு. நகையாக நிற்பதெல்லாம் உன் சேமிப்பு என்றும் நம்பிவிடாதே. குடும்பத்தில் ஒரு நெருக்கடி வந்தால் முதலில் அடகுக்குப் போவது உன் வளையல்தான்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை வேலைக்குப் போன ஆறாம் மாதமே அவன் சம்பளச் சீட்டைக் காட்டி லோன் எடுக்கச் சொல்லாதீர்கள். காதுகுத்துக்கு ஃபிளெக்ஸ் வைக்காவிட்டால் யாருக்கும் காது மூடிப்போகாது.

கடைசியாக, ஏற்கெனவே மூழ்கிக் கிடக்கிற தம்பிக்கு. எல்லாக் கடனையும் ஒரே பக்கத்தில் எழுது: யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி. வட்டி அதிகமானதை முதலில் அடை. பைக்கை விற்றால் ஒன்று தீருமென்றால் விற்றுவிடு, பஸ்ஸில் போகலாம். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் செயலியைத் தரவிறக்காதே. ரிசர்வ் வங்கி விதிகளின்படி, கடன் செயலி உன் தொடர்பு எண்களையும் படங்களையும் தொடவே கூடாது. வசூல் ஆள்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. தவணை கட்ட முடியாமல் போனது உரிமையியல் விவகாரம். அதற்காக மட்டும் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் என்று எவன் மிரட்டினாலும் அது பொய். உருமாற்றிய படத்தை உறவினர்களுக்கு அனுப்புவேன் என்கிறவன்தான் குற்றவாளி. 1930 என்ற எண்ணுக்கு அழைத்து அவன்மேல் புகார் கொடு.

எல்லாவற்றுக்கும் முன்னால், இன்று இரவே வீட்டில் ஒருவரிடம் உண்மைத் தொகையைச் சொல். பாதியைச் சொல்லிப் பாதியை மறைக்காதே. அம்மா அழுவாள், அப்பா இரண்டு நாள் பேசமாட்டார்; அதற்குமேல் ஒன்றும் ஆகாது. சொல்ல ஒருவருமே இல்லை, மனம் உடைந்து கிடக்கிறது என்றால் 14416-க்கு அழை. அது அரசின் மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், இரவு பகல் எந்நேரமும், கட்டணம் கிடையாது.